ஏழு நிமிஷம் முந்திய கடிகாரம்

நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் இந்த வருஷம் புது ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பிள்ளை உள்ளே நுழைந்ததும் பெற்றோரின் போனுக்கு ஒரு செய்தி போகிறது. நுழையாவிட்டால் அதற்கும் ஒரு செய்தி. அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிற கவிதா என்கிற பெண் போன வாரம் குளத்தடியில் என்னைப் பார்த்துவிட்டு, "அண்ணா, முன்னாடியெல்லாம் லேட்டா வர்ற பொண்ணுங்கள எப்படி சமாளிச்சீங்க? ஆண்டு மலருக்கு எழுதிக் குடுங்களேன், பேரண்ட்ஸ் படிப்பாங்க" என்று கேட்டது. நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். எழுதிப் பழக்கமில்லை. கற்பகாம்பாளை வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நான் செய்த ஒரு தப்பைத்தான் இதில் எழுத வேண்டியிருக்கிறது. அதை விட்டுவிட்டு மற்றதை எழுதினால் அப்புறம் அவள் சன்னிதியில் போய் நிற்க எனக்கு முகம் இருக்காது.

என் பெயர் தணிகாசலம். மயிலாப்பூரில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் முப்பத்தொரு வருஷம் அலுவலக உதவியாளராக இருந்தேன். பேர்தான் அலுவலகம், காலையில் என் இடம் வாசல் கேட்தான். எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் ஓய்வு பெறுவதற்கு முன் பத்து நாள் என்னைக் கூட வைத்துக்கொண்டார். மணியை எப்படி அடிப்பது என்று காட்டினார். கேட்டைச் சாத்தும்போது எந்தப் பிள்ளையின் முகத்தையும் பார்க்காதே என்றார். திங்கட்கிழமை பெரிய கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும்போது ஊர் நேரத்தைவிட ஏழு நிமிஷம் முன்னால் இருக்கும்படி வை என்றார்.

"ஏன் ஏழு?" என்று கேட்டேன்.

"அஞ்சு வெச்சா எல்லாரும் கணக்கு பண்ணிக்குவாங்க. பத்து வெச்சா திட்டுவாங்க" என்றார். அவ்வளவுதான் என் பயிற்சி.

அந்த வழக்கம் பள்ளியை ஆரம்பித்த காலத்திலிருந்தே உண்டாம். பிள்ளைகள் மூச்சிரைக்க ஓடி வந்து பிரார்த்தனையில் நிற்கக் கூடாது, கொஞ்சம் அமைதியாகி நிற்க வேண்டும் என்று யாரோ நல்ல எண்ணத்தில் தொடங்கியது. டீச்சர்களுக்குத் தெரியும். கோயிலைச் சுற்றி நாலு தெருவில் தலைமுறையாக இருக்கிற குடும்பங்களுக்கும் தெரியும். "எட்டரைக்கே உள்ள இருக்கணும்டி, ஸ்கூல் டைம் வேற" என்று அக்கா தங்கைக்குச் சொல்லிவிடுவாள். பெற்றோருக்குக் கொடுக்கிற சுற்றறிக்கையில் மட்டும் எட்டு நாற்பதுக்குக் கேட் சாத்தப்படும் என்று அச்சடித்திருக்கும். நான் சாத்துகிறபோது ஊரில் எட்டு முப்பத்துமூன்றுதான் ஆகியிருக்கும். என் கைக்கடிகாரமும் பள்ளிக்கூட நேரம்தான். என் சம்சாரம் தினமும் கேட்பாள்: "உங்க டைம்ல சோறு போடவா, ஊரு டைம்ல போடவா?"

கேட் சாத்தினபிறகு வருகிற பிள்ளைகள் வெளியே நிற்க வேண்டும். பிரார்த்தனை முடிந்ததும் பக்கத்தில் இருக்கிற சின்னக் கதவைத் திறந்து ஒவ்வொருவராக உள்ளே விடுவேன். ஸ்டூல் மேல் தாமத நோட்டு இருக்கும். தேதி, பெயர், வகுப்பு, வந்த நேரம், காரணம், கையெழுத்து. நேரத்தை நான் எழுதுவேன். காரணத்தைப் பிள்ளை எழுத வேண்டும். பஸ் வரவில்லை, தண்ணி லாரி, வயிற்று வலி. பரீட்சை மாதத்தில் வயிற்று வலி ஜாஸ்தியாகும். மூன்று தடவை தாமதமானால் அரை நாள் விடுப்பு. அதற்கு மேல் போனால் அப்பாவோ அம்மாவோ காலையில் வந்து நோட்டில் கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே விடுவோம். வரவில்லையென்றால் பிள்ளை வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

கடைசி ஒன்பது வருஷம் வசந்தா மேடம் தலைமை ஆசிரியை. மாட வீதிக்காரர். ஒரு நாளும் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைப்பார். துடைத்து முடிக்கிறவரை எதிரில் நிற்கிறவருக்கு உயிர் இருக்காது. யார் என்ன சொன்னாலும், "எழுதியிருக்கேளா?" என்பார். டீச்சர் ஒருத்தர் மயக்கமாக வருகிறது என்று சொன்னபோதும் பழக்க தோஷத்தில் அப்படியே கேட்டுவிட்டு, பிறகு தானே ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் அவர் கேட்கிற மூன்று விஷயம் எனக்கு மனப்பாடம். பிள்ளையை நேரத்துக்கு அனுப்புங்கோ. வரலைன்னா அன்னிக்கே லெட்டர் குடுத்தனுப்புங்கோ. கூப்பிட்டா வாங்கோ. அவ்வளவுதான்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம் பத்தாம் வகுப்பில் செல்வி என்று ஒரு பெண். மரிய செல்வி. பட்டினப்பாக்கம் குடியிருப்பிலிருந்து நடந்து வருவாள். அம்மா ஆரோக்கியமேரி விடியற்காலையில் காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்துவந்து கடற்கரைச் சாலை ஓரத்தில் பலகை போட்டு விற்கிறவர். அப்பா இல்லை. தங்கச்சியை வேறொரு ஆரம்பப் பள்ளியில் விட்டுவிட்டுத்தான் செல்வி வர வேண்டும். அந்தப் பள்ளியைத் திறப்பதே எட்டேகாலுக்கு. அங்கிருந்து எங்கள் கேட் வரை வேகமாக நடந்தால் இருபது நிமிஷம்; ஓடினால்தான் நான் சாத்துவதற்குள் வரலாம்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் நோட்டில் அவள் எழுதுகிற காரணம்தான். ஒவ்வொரு தடவையும் ஒரே காரணம்: "தாமதம் ஆகவில்லை."

எனக்குச் சுருக்கென்று இருக்கும். "இன்னாம்மா திமிரா? ஒழுங்கா காரணம் எழுது" என்பேன். "அதான் காரணம் அண்ணா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். அந்தப் பெண்ணுக்கு வாய் ஜாஸ்தி என்று அவள் வகுப்பு டீச்சரிடம் நானே போய்ச் சொல்லியிருக்கிறேன். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா என்றால் வரமாட்டாள். வியாபார நேரம் என்பாள். திருப்பி அனுப்பிவிடுவேன். அப்படிப் பல நாள்.

ஜனவரி கடைசியில் ஒரு புதன்கிழமை அம்மாவும் மகளும் சேர்ந்து வந்தார்கள். கேட் சாத்தியாகிவிட்டது. உள்ளே பிரார்த்தனை.

"இன்னா நைனா, கேட்ட தொற."

"ப்ரேயர் நடக்குதும்மா. முடியட்டும்."

"இப்ப மணி இன்னா?"

நான் கையைப் பார்த்தேன். "எட்டு நாப்பத்திமூணு."

அந்த அம்மா இடுப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். அதற்குள் போன். கம்பிக்கு நடுவில் கையை விட்டு என் மூக்குக்கு நேராகக் காட்டினார். "படி. எட்டு முப்பத்தாறு. எட்டு நாப்பதுக்குதான் சாத்துவோம்னு நீங்கதான கடுதாசி குடுத்தீங்க? என் பொண்ணு படிச்சி காட்டுச்சே. நாலு நிமிஷம் கீது இன்னும்."

எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. அதை மறைக்க மாட்டேன். புரிந்தும் சொன்னேன்: "இங்க பள்ளிக்கூட டைம்தாம்மா டைம்."

"இன்னாது? ஊருக்கு ஒரு டைமு, உனக்கு ஒரு டைமா? நான் காசிமேட்டுக்கு ஏழு நிமிஷம் முன்னாடி போய் நின்னா மீன் போட்டும் முன்னாடியே வந்துடுமா?"

பக்கத்தில் தாமதமாக நின்ற இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சின்னக் கதவைத் திறந்து நோட்டை நீட்டினேன். "என்கிட்ட சண்டை போட்டு ஆவப்போறது ஒண்ணுமில்ல. கையெழுத்து போட்டுட்டு பொண்ண உள்ள அனுப்புங்க."

அந்த அம்மா நோட்டைப் படித்தார். நிதானமாக, விரலை வைத்து. "எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன், பேரு போடத் தெரியும். ஆனா லேட்டுனு எழுதியிருக்கிற எடத்துல போடமாட்டேன்."

செல்விக்குக் கண் கலங்கிவிட்டது. "அம்மா, போட்டுடும்மா. கணக்கு டெஸ்ட்டு கீது இன்னிக்கு."

"பொய்க்குக் கையெழுத்து போட்டுட்டு இன்னா டெஸ்ட்டு? வா."

போய்விட்டார்கள். எனக்குச் சொல்லிக் கொடுத்தபடி நான் முகத்தைப் பார்க்கவில்லை.

மத்தியானம் அவள் வகுப்பு டீச்சர் அலுவலகத்துக்கு வந்தார். பொதுத் தேர்வு எழுத வேண்டுமென்றால் முக்கால் பங்கு நாளாவது வந்திருக்க வேண்டும். குறைந்தவர்கள் பட்டியலை வெள்ளிக்கிழமைக்குள் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பியாக வேண்டும். "லீவு போட்டதும் திருப்பி அனுப்பினதும் சேர்ந்து, செல்வி நேத்து வரைக்கும் சரியா கோட்டு மேல நின்னுட்டு இருந்தா. இன்னிக்கு ஒரு நாள்ல கீழ போயிட்டா" என்று சொல்லிவிட்டுப் பட்டியலில் பெயரை எழுதினார். அந்தப் பட்டியலில் வேறு பெயரே இல்லை.

தாமத நோட்டை எடுத்துப் புரட்டினேன். செல்வி வந்த நேரத்திலிருந்து ஏழு ஏழு நிமிஷமாகக் கழித்துப் பார்த்தேன். சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். அம்பாளுக்குக் கற்பூரம் காட்டும்போது எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்குக் கை எழும்பவில்லை. வீட்டுக்கு வந்து சம்சாரத்திடம் சொன்னேன்.

"பள்ளிக்கூடத்துல சொல்லவேண்டியத அம்பாள்கிட்ட போய் சொல்லிட்டு வந்தா ஆச்சா?" என்றாள். "அவளா கையெழுத்து போடப்போறா?"

மறுநாள் காலையில் மேடம் அறைக்குப் போனபோது பட்டியல் மேஜைமேல் இருந்தது. பச்சை மைப் பேனா மூடி திறந்து கையில் இருந்தது.

"மேடம், நம்ம கடிகாரம் ஏழு நிமிஷம் முன்னாடி ஓடுது."

"அது எனக்குத் தெரியுமே, தணிகாசலம். நான் இங்கேயே படிச்சவ."

"அந்தப் பொண்ணோட அம்மாவுக்குத் தெரியாது மேடம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். முப்பது வருஷ வேலை, ஓய்வுக்கு ஒரு வருஷம், இப்போது மெமோ வாங்கப் போகிறோம் என்று நான் நின்றுகொண்டிருந்தேன்.

"நோட்டை எடுத்துண்டு வாங்கோ."

நான் ஒவ்வொரு வரியாகப் படித்தேன். அவர் பென்சிலால் ஏழு நிமிஷத்தைக் கழித்து ஓரத்தில் எழுதினார். மொத்தம் இருபத்திரண்டு தடவை. அதில் பதினேழு தடவை அந்தப் பெண் சுற்றறிக்கையில் சொன்ன நேரத்துக்கு முன்பே கேட்டில் நின்றிருக்கிறாள். ஐந்து தடவைதான் நிஜமாகவே தாமதம். காரணம் எழுதியிருந்த கட்டத்தைப் பார்த்து மேடம் வாய்விட்டுப் படித்தார். "தாமதம் ஆகவில்லை. தாமதம் ஆகவில்லை." பிறகு, "குழந்தை எழுதியே குடுத்திருக்கா. நான்தான் இந்த நோட்டைப் படிக்கலை" என்றார்.

பேனாவை மூடினார். "நடந்ததை நடந்தபடி எழுதிக் குடுங்கோ. எனக்கும் தெரியும்கிறதை ஒரு வரி சேர்த்துக்கோங்கோ. மெமோ வந்தா ரெண்டு பேருக்கும் வரட்டும்."

வருகைப் பதிவைத் திருத்த வேண்டுமானால் பெற்றோரின் கையெழுத்தும் வேண்டும். "அவாளை எப்ப வரச் சொல்லலாம்?" என்று மேடம் கேட்டார். அத்தனை வருஷத்தில் எந்தப் பெற்றோரையும் பற்றி அப்படி ஒரு கேள்வி வந்து நான் கேட்டதில்லை. ஒன்பது மணிக்கு வா என்போம், வருவார்கள் அல்லது வரமாட்டார்கள். நானே சைக்கிளை எடுத்துக்கொண்டு கடற்கரைச் சாலைக்குப் போனேன்.

அந்த அம்மா சங்கரா மீனைச் செதில் எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "இன்னா நைனா, மீன் வாங்கவா? உன்னப் பாத்தா கவுச்சி திங்கிற மூஞ்சியா தெரியலியே" என்றார். பக்கத்துப் பலகைக்காரர்கள் சிரித்தார்கள்.

"தப்பு எங்க மேலம்மா" என்றேன். "பெரிய மேடம் கூப்பிடுறாங்க. உங்களுக்கு எப்ப சௌகரியம்?"

கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "ரெண்டு மணிக்கு வர்றேன். குளிச்சிட்டு வர்றேன்."

சரியாக இரண்டு மணிக்கு வந்தார். மேடம் எழுந்து நின்று உட்காரச் சொன்னார். வகுப்பிலிருந்து செல்வியையும் அழைத்துவந்தேன். அன்று காலையில் நோட்டு, கையெழுத்து எதுவும் கேட்காமல் அவளை உள்ளே விட்டிருந்தோம். நான் எழுதிய கடிதத்தை அந்த அம்மா விரலை வைத்துப் படித்தார். முடித்துவிட்டு, "பதினேழு உங்க மேல. சரி. அப்ப மீதி அஞ்சு?" என்றார்.

செல்விதான் சொன்னாள். "அது நெஜமாவே லேட்டும்மா. தங்கச்சி ஸ்கூலுக்குப் போவமாட்டேன்னு அழுதுச்சே, அந்த நாளுங்க."

"அன்னிக்கும் தாமதம் ஆகவில்லைனுதான எழுதின?"

"பழக்கத்துல எழுதிட்டேன்."

அந்த அம்மா மகளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மேடத்திடம் சொன்னார்: "அந்த அஞ்சு எங்க மேலம்மா. அதையும் எழுதிக்கோங்க. எழுதினாதான் போடுவேன்."

மேடம் பச்சை மையில் அந்த வரியைச் சேர்த்தார். ஆரோக்கியமேரி முழுப் பெயரையும் போட்டார். மறுநாள் மேடம் நோட்டையும் கடிதத்தையும் தானே ஆட்டோவில் கல்வி அலுவலகத்துக்கு எடுத்துப் போனார். அங்கே ஏழெட்டு கேள்வி கேட்டார்களாம். "ஒளிக்க ஒண்ணுமில்லாததால பதில் சொல்ல சுலபமா இருந்தது" என்று வந்து சொன்னார். எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு விளக்கக் கடிதம் கேட்டதோடு விட்டுவிட்டார்கள். செல்வியின் பெயர் தேர்வெழுதுகிறவர்கள் பட்டியலுக்குப் போனது.

அந்தச் சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் மேடம் எல்லோர் முன்னாலும் இதைச் சொல்லிவிட்டார். மேடையிலேயே ஒரு முக்காலியைப் போடச் சொல்லி, என்னை ஏறவிட்டு, மேடைச் சுவரில் இருந்த பெரிய கடிகாரத்தைச் சரியான நேரத்துக்குத் திருப்பி வைக்கச் சொன்னார். முன் வரிசையில் வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் எழுந்தார். பேத்தி எட்டாவது படிக்கிறாள். "மேடம், இந்த ஏழு நிமிஷத்துலதான் இந்த ஸ்கூலோட டிசிப்ளினே இருக்கு. இதை எடுத்துட்டேள்னா நாளைக்கு எல்லாம் ஆடி அசைஞ்சுண்டு வரும்."

பின்னாலிருந்து ஆரோக்கியமேரியின் குரல் வந்தது. "மாமா, உங்களுக்கு அந்த ஏழு நிமிஷம் தெரியும். எங்களுக்குச் சொன்னாங்களா? தெரிஞ்சவங்களுக்கு ஒரு கேட்டு, தெரியாதவங்களுக்கு ஒரு கேட்டா?"

பெரியவர் திரும்பிப் பார்த்தார். "அது... நியாயம்தான்" என்று உட்கார்ந்துவிட்டார். மேடம் வழக்கமான மூன்று விஷயத்தையும் சொன்னார். அன்று நாலாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்: காலையில் வர முடியாத பெற்றோர் எப்போது முடியும் என்று சொல்லலாம், பள்ளிக்கூடம் காத்திருக்கும்.

பெரியவர் பயந்தது நடந்ததா என்றால், முதல் வாரம் நடந்தது. கேட்டுக்கு வெளியே பெரிய கூட்டமே நின்றது. அப்புறம் குறைந்தது. எட்டு நாற்பது என்றால் எட்டு நாற்பதுதான் என்று நம்பிக்கை வந்ததும், ஒரு நிமிஷம் பிந்தினாலும் என்னிடம் யாரும் வாதாடவில்லை. செல்வி அதற்குப் பிறகு இரண்டு தடவை பிந்தி வந்தாள். காரணம் எழுதுகிற இடத்தில் "தாமதம்தான்" என்று எழுதினாள். நான் கேட்டைச் சாத்தும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கப் பழகினேன். பார்த்தால் இரக்கப்பட்டுத் திறந்துவிடுவோம் என்றுதான் பார்க்க வேண்டாம் என்றார்களோ என்னவோ; திறக்கவில்லை, ஆனால் ஓடிவருகிற பிள்ளை எங்கிருந்து ஓடிவருகிறது என்று கேட்டு வைத்துக்கொண்டேன். செல்வியின் தங்கச்சி இப்போது எங்கள் பள்ளியில் எட்டாவது. அவள் உள்ளே நுழைகிற செய்தி அந்த அம்மாவின் பிளாஸ்டிக் கவருக்குள் போய்க்கொண்டிருக்கும்.

செல்வியின் பரீட்சைக்கு முந்தின நாள் ஹால் டிக்கெட் கொடுத்தோம். ஆரோக்கியமேரி புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினார். மகள் போட்டோவைப் பார்த்தார். பிறகு என்னிடமே திருப்பி நீட்டினார்.

"எங்க வூட்ல எதை வெச்சாலும் ஈரமாப் பூடுது நைனா, கடல் காத்து. நீயே பீரோல வெச்சிரு. காலைல வந்து வாங்கிக்கிறோம்."

பரீட்சை மையம் வேறு பள்ளி. பிள்ளைகள் எங்கள் பள்ளியில் கூடி டீச்சரோடு போவது வழக்கம். நான் மேடத்தைப் பார்த்தேன். "வெச்சுக்கோங்கோ" என்று பீரோ சாவியைக் கொடுத்தார். அந்த அம்மா கேட் வரை போய்விட்டுத் திரும்பினார்.

"ஏழரைக்கு வருவோம். லேட் பண்ணிடாத நைனா."

பரீட்சையன்று காலை நான் கோயிலுக்குப் போகவில்லை. அம்பாள் மன்னிப்பாள். ஆறு மணிக்கே பள்ளியைத் திறந்து, பீரோவிலிருந்து ஹால் டிக்கெட் இருந்த கவரை எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, கேட்டை இரண்டு பக்கமும் அகலத் திறந்துவிட்டு நின்றேன். ஏழு இருபத்தெட்டுக்கு அம்மா முன்னாலும் மகள் பின்னாலும் தெரு முனையில் தெரிந்தார்கள். கவரை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டேன்.

ஆரோக்கியமேரி அதை வாங்கி மகளிடம் கொடுத்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பரவால்ல நைனா. தேறிட்ட."